ஒரு வண்டிக்கு எத்தனை ஆள்

இரக்கப்பட்டு அரை மதிப்பெண் போடும் பழக்கம் ரேவதிக்கு இருந்ததில்லை. பல்கலைக்கழகத்தில் இயற்பியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தபோது, உராய்வு விசையின் அம்புக்குறியை வண்டி போகும் திசையிலேயே போட்டிருந்த ஒரு பையனின் தாளை வகுப்புக்கு முன்னால் தூக்கிக் காட்டினாளாம். "உலகத்துல இவர் ஒருத்தர்தான் பிரேக் பிடிச்சா வேகமாப் போவார்" என்று பர்மியில் சொன்னாளாம். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் பையன் அடுத்த பருவத்துக்கு வரவில்லை. இதை அவளே ஒரு சாப்பாட்டு இடைவேளையில் எனக்குச் சொன்னாள். சொன்னபோது முகத்தில் வருத்தம் இல்லை, பெருமையும் இல்லை. "தப்புன்னா தப்புதானே தம்பி" என்று டிபன் பாக்ஸை மூடினாள்.

தாகேதாவில் பிறந்தவள். அப்பா அருணாசலம் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து, ஓய்வு பெற்ற வருஷமே இறந்தார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் பர்மி, புத்தகத்தில் இங்கிலீஷ் என்று வளர்ந்ததில் மூன்றிலும் அவளுக்குப் பேச்சு குறைவு. கணக்கு மட்டும் சரளம். ஒருமுறை பெண் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த ஜாதகத்தில் திசை இருப்பைத் தப்பாகக் கழித்திருப்பதை அங்கேயே காட்டினாள். அவர்கள் தேநீரை முடிக்காமல் எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில், ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, இனி வேலைக்குப் போவதில்லை என்று முடிவெடுத்த ஆசிரியர்களில் அவளும் ஒருத்தி. போகாதவர்களின் பெயர்களைப் பல்கலைக்கழக வாசலில் ஒட்டினார்கள். தாகேதா வீட்டுக்கு ஆட்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அவள் ஊரின் மறுகோடியில் இருக்கும் ஷ்வேப்யிதாவுக்கு வந்து, தைக்கிற தொழிற்சாலை ஒன்றின் துணிக் குடோனில் வண்டி தள்ளும் வேலையில் சேர்ந்தாள். அங்கே சான்றிதழ் கேட்கமாட்டார்கள். கை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நான் அதே குடோனில் ரோல்களுக்கு லேபிள் ஒட்டுகிறவன். என் மேசை சரிவுக்குப் பக்கத்தில்.

சரிவு என்றால் பெரிய இறக்கம் இல்லை. குடோன் தரையிலிருந்து லாரி நிற்கும் இடத்துக்கு இறங்கும் சிமெண்டுத் தரை. மழைநீர் ஓடினால்தான் அது சரிவு என்றே கண்ணுக்குத் தெரியும். நான்கு இரும்புச் சக்கரம் வைத்த வண்டியில் துணி ரோல்களை அடுக்கி, அலமாரி வரிசைகளிலிருந்து தள்ளிவந்து, இந்தச் சரிவில் இறக்கி, லாரியில் ஏற்றவேண்டும். வண்டியும் சுமையும் சேர்ந்து நானூறு கிலோ. ஒரு வண்டிக்கு இரண்டு பெண்கள்.

ரேவதியின் ஜோடி பாப்பம்மாள். ஐம்பதைத் தாண்டியவள். அப்பா தமிழர், அம்மா பர்மியர். கன்னத்தில் தனாகா மரப்பட்டைச் சாந்து, நெற்றியில் விபூதி, இரண்டும் ஒரே கையால் பூசினது. காற்றடித்தால் பறந்துவிடுவாள் என்று சொல்லும் உடம்பு. ஆனால் வண்டியை எப்படிக் கிளப்புவது என்று அவள் உடம்புக்குத் தெரியும். நின்ற வண்டியைக் கிளப்புவதுதான் கஷ்டம். ஓட ஆரம்பித்துவிட்டால் அது பாட்டுக்கு வரும். கிளப்பும்போதும் சரிவில் இறக்கும்போதும் பாப்பம்மாள் ஒரு சத்தம் போடுவாள்: "ஒரு கை!"

அந்தச் சத்தம் கேட்டால், பக்கத்தில் யார் இருந்தாலும் தன் வேலையை விட்டு வந்து வண்டியில் ஒரு கை வைப்பார்கள். இரண்டு மூச்சு நேரம். வண்டி நகர்ந்ததும் போய்விடுவார்கள். யாரும் நன்றி சொல்வதில்லை, யாரும் அதை வேலை என்று நினைப்பதும் இல்லை. சரிவில் தனியாக இரண்டு பேர் மட்டும் இறக்கிய வண்டி என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. எப்போதும் கூட இரண்டு மூன்று கைகள் இருக்கும். போகிற போக்கில், வேறொரு வண்டி தள்ளும் ஜஸீலா வந்து இடுப்பால் முட்டுக் கொடுப்பாள். "எங்க வீட்டு டான்பவுக் பிரியாணி தின்ன இடுப்பு, சும்மாவா?" என்பாள்.

சூப்பர்வைசர் சுரேந்திரன். பர்மியப் பெயர் ஒன்று வைத்திருந்தான். ஆனால் எல்லோரும் கோ சுரேன், அதாவது சுரேன் அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். ரேவதி யார் என்று அப்போது அவனுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவனுடைய மச்சினிக்கு அவள் பாடம் எடுத்திருக்கிறாள். இத்தனை நாளும் அதை அவன் வாயில் எடுக்காமல் வைத்திருந்தான்.

ஒருநாள் காலையில் அவன் கையில் தேநீர்க் குவளையோடு வந்து ரேவதிக்கு முன்னால் நின்றான்.

"ஸயாமா, ஒரு சந்தேகம்."

ஸயாமா என்றால் டீச்சரம்மா. ரேவதி வண்டியை விட்டுக் கையை எடுத்தாள். அந்தச் சொல்லை அவள் மரியாதையோடு கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. எதற்கெடுத்தாலும் திருத்துகிறாள் என்று பாப்பம்மாள் கிண்டலுக்குச் சொல்வது வேறு. ஒரு ஆண்பிள்ளை, மேலதிகாரி, தேநீர் கொண்டுவந்து கொடுத்துச் சொல்வது வேறு.

"முதலாளி கேக்கறாரு, ஒரு வண்டிய நகத்த உண்மையிலேயே எவ்வளவு பலம் வேணும்னு. நாங்கள்லாம் குத்துமதிப்பா சொல்ற ஆளுங்க. நீங்க படிச்சவங்க. சரியா சொல்லுவீங்க."

"அதுக்கு முதல்ல உராய்வு தெரியணும்" என்றாள் ரேவதி.

"என்ன வேணும்னு சொல்லுங்க, கொண்டாரேன்."

அவள் கேட்டது ஒரு கொக்கித் தராசு. அதற்கு முன்னால் சக்கரங்களுக்குக் கிரீஸ் போடச் சொன்னாள். "காஞ்ச சக்கரத்த வெச்சு அளந்தா அது வண்டியோட தப்பு, கணக்கு இல்ல." சுரேந்திரன் அன்றைக்கே ஆள் வைத்து எல்லாச் சக்கரங்களையும் கழற்றித் துடைத்துக் கிரீஸ் போட்டான். மறுநாள் பாப்பம்மாள் வண்டியில் கை வைத்ததும், "அடியே, தானா ஓடுதுடி! தள்ளறதா, பிடிக்கறதா?" என்று கத்திச் சிரித்தாள். குடோன் முழுக்கச் சந்தோஷம். எல்லோரும் ரேவதியைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார்கள்.

சமதரையில் ஓடிக்கொண்டிருந்த வண்டியில் கொக்கியை மாட்டி, ஒரே சீராக இழுத்துக்கொண்டே நடந்து, முள் எங்கே நிற்கிறது என்று அவள் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துணிக்குக் கோடு போடும் சாக்கட்டியால் தரையிலேயே எழுதினாள். நான் என் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் அவ்வளவு மென்மையாக இருந்து நான் பார்த்ததில்லை. யாருக்கோ தலைவாரிவிடுகிறவள் போல எழுதினாள்.

"இங்க பாருங்க கோ சுரேன். தள்ளற விசை ஒரு பக்கம். உராய்வு எதிர்ப் பக்கம். இதுலேர்ந்து அதக் கழிக்கணும். மிச்சம் இருக்கறதுதான் வண்டிய நகத்துது. அந்த மிச்சத்த நிறையால வகுத்தா முடுக்கம். அதாவது, ஒவ்வொரு விநாடிக்கும் வேகம் எவ்வளவு கூடுதுன்னு."

"நமக்கு எவ்வளவு கூடணும்?"

"நடக்கற வேகத்துக்கு மூணு விநாடில வந்தாப் போதும். அதுக்கு வேண்டியது நூத்தி முப்பத்தஞ்சு நியூட்டன். உராய்வு நாப்பது. ரெண்டையும் கூட்டினா நூத்தி எழுபத்தஞ்சு."

"அது எத்தனை ஆளு பலம்?"

"ஒரு ஆள் போதும்."

சொல்லி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். சுரேந்திரன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். "ஒரு ஆள் போதும்" என்று அவனும் ஒருமுறை சொல்லிப் பார்த்தான், பாட்டின் அடியைச் சரிபார்ப்பது போல.

"எல்லா ஆளாலயும் முடியுமா ஸயாமா?"

இந்த இடத்தில் அவள் எழுந்து போயிருக்கலாம். ஆனால் விடை தெரிந்த கேள்வியை விட்டுவிட்டுப் போக அவளால் முடியாது. அது ஒரு வியாதி. "முடியாது" என்றாள். "தள்ளற பலம் கைல இல்ல, செருப்புல இருக்கு. தரையும் செருப்பும் பிடிச்சாத்தான் ஆள் தள்ள முடியும். அந்தப் பிடி ஆளோட எடையப் பொறுத்தது. எடை குறைஞ்சா கால் பின்னால வழுக்கிடும்."

"எத்தன கிலோ வேணும்?"

அவள் தரையில் இன்னொரு வரி எழுதினாள். "நாப்பத்தஞ்சு."

சுரேந்திரன் சாக்கட்டியை வாங்கி அந்த நாற்பத்தைந்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான்.

மூன்றாம் நாள் ரோல்களை நிறுக்கும் பெரிய முள் தராசைக் குடோன் நடுவில் இழுத்துப் போட்டார்கள். வண்டி தள்ளும் பெண்கள் எல்லோரும் வரிசையில் நிற்கவேண்டும். நாற்பத்தைந்துக்கு மேல் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு வண்டியோடு இருக்கலாம். கீழே இருப்பவர்கள் அன்றோடு கணக்கு முடித்துக்கொள்ளலாம். இதைச் சுரேந்திரன் பர்மியில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொன்னான். "என்னைத் திட்டாதீங்க. இது நான் சொல்லல, விஞ்ஞானம் சொல்லுது. முள்ள வாசிக்கப்போறது ஸயாமா."

ரேவதி தராசுக்குப் பக்கத்தில் நின்றாள். வெளுத்துப் போயிருந்தாள். "கோ சுரேன், நான் இதுக்கு அளக்கல" என்றாள்.

"கணக்கு தப்பா?"

"தப்பில்ல."

"அப்புறம் என்ன? வாசிங்க." பிறகு அவள் காதருகே குனிந்தான். "உங்க பேரு எந்த வாசல்ல ஒட்டியிருந்துச்சுன்னு நான் யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா? இல்லல்ல? வாசிங்க."

இந்த ஊரில் உடம்பைப் பவுண்டிலும் அரிசியை வீசையிலும் சொல்லித்தான் பழக்கம். கிலோ என்றால் துணி. "என்னடி, நம்மள ரோல் மாதிரி நிறுக்கறாங்க, லேபிளும் ஒட்டுவாங்களா?" என்று ஜஸீலா வரிசையிலிருந்து கேட்டாள். ஒட்டவில்லை, ஆனால் சுரேந்திரன் ஒவ்வொருத்தியின் புறங்கையிலும் கறுப்பு மார்க்கரால் எண்ணை எழுதினான். ஜஸீலாவுக்கு எழுபத்தொன்று. "மாஷா அல்லா, ரெண்டு வண்டி குடுங்க!" என்று அவள் கையைத் தூக்கிக் காட்ட, எல்லோரும் சிரித்தார்கள். ரேவதியே ஏறி நின்று தன்னுடையதைப் படித்தாள்: ஐம்பத்தெட்டு.

அடுத்து ஏறிய ஒரு சின்னப் பெண்ணுக்கு முள் நாற்பத்து நாலில் நின்றது. ரேவதி "நாப்பத்தி நாலு" என்றாள். அந்தப் பெண் சிரித்தாள். ஏதோ விளையாட்டில் தோற்றவள் போல. எண் எழுதப்பட்ட கையை இடுப்பில் கட்டிய தமெய்னில் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

அதற்கடுத்து பாப்பம்மாள்.

அவளுக்குத் தராசு ஏறும்முன்பே தெரிந்திருந்தது. காலையிலிருந்து தண்ணீராகக் குடித்திருந்தாள். இரண்டு தமெய்ன் கட்டியிருந்தாள். ஏறும்போது ரேவதியின் தோளைப் பிடித்துக்கொண்டு, வாய் அசையாமல் சொன்னாள்: "அம்மாடி, மக புருஷன மிலிட்டரிக்காரன் பிடிச்சிட்டுப் போனான், இன்னும் திரும்பல. வீட்ல நான்தான். பாத்துச் சொல்லு."

முள் முப்பத்தொன்பதில் நின்று நடுங்கியது. நான் என் மேசையிலிருந்து பார்த்தேன்.

ரேவதி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் ஆயுளில் அரை மதிப்பெண் கூட்டிப் போடாதவள்.

"நாப்பத்தாறு" என்றாள்.

சுரேந்திரன் மார்க்கரைப் பாப்பம்மாளின் கைக்கு மேலே ஒரு நொடி நிறுத்தினான். பிறகு எழுதினான். அழகாக, மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக எழுதினான்.

பாப்பம்மாள் அன்று மாலை ரேவதிக்கு ஒரு பொட்டலம் வறுத்த கடலை வாங்கிக் கொடுத்தாள். "நாப்பத்தாறு!" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என் கல்யாணத்தப்பக்கூட நான் இவ்வளவு இருந்ததில்லடி." குளிக்கும்போது அந்தக் கையை நனைக்காமல் வைத்திருந்தாளாம். மை ஒரு வாரம் இருந்தது.

வேலை மாறிவிட்டது. ஆளுக்கு ஒரு வண்டி. வண்டியை விட்டு விலகுவது குற்றம். விலகினால் அரைநாள் வெட்டு. முதல் நாளே பாப்பம்மாள் பழக்கத்தில் "ஒரு கை!" என்று கத்தினாள். நாலைந்து தலைகள் திரும்பின. எல்லோர் கையும் அவரவர் வண்டியில் இருந்தது. அவள் உடம்பை வில்லாக வளைத்து, பல்லைக் கடித்து, எப்படியோ வண்டியைக் கிளப்பினாள். அதன்பிறகும் கத்துவதை அவள் விடவில்லை. வண்டிக்குச் சொல்கிறாள், நமக்கு இல்லை என்று ஜஸீலா சொன்னாள்.

ரேவதி அந்த நாட்களில் சாப்பிடும்போது தட்டில் விரலால் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். ஒருநாள் என்னிடம், "தம்பி, நான் ஓடற வண்டிய அளந்தேன். நிக்கற வண்டிய அளக்கல" என்றாள். தனக்குத்தான் சொல்லிக்கொண்டாள். "கிளப்பற உராய்வு வேற. அது பெருசு. பாடத்துல அதத்தான் முதல்ல சொல்லுவேன். ஆனா இங்க எப்பவும் யாராவது கிளப்பி விட்டுட்டாங்கள்ல, எனக்கு அது கண்ணுக்கே தெரியல. சரிவயும் நான் போடல. சரிவுல என்னிக்கு ஒரு ஆள் தனியா இறக்கியிருக்காங்க?"

"கோ சுரேன்கிட்ட சொல்லலாமே அக்கா?"

"சொல்லணும்" என்றாள். "சரிவுக்குத் தனியாக் கணக்குப் போட்டு, எழுதிட்டுச் சொல்லணும்."

அந்தக் கணக்கை அவள் போட்டாள். போட்டுப் பார்த்ததில் நாற்பத்தைந்து கிலோ ஆள் சரிவில் வண்டியைத் தாங்கலாம் என்று வந்தது. முப்பத்தொன்பது கிலோ ஆள் தாங்க முடியாது என்று வந்தது. கிரீஸ் போடாத பழைய சக்கரமாக இருந்தால் முப்பத்தொன்பதும் தாங்கியிருக்கும். சொல்வதானால் பாப்பம்மாளின் உண்மையான எடையைச் சொல்லவேண்டும். சொன்னால் பாப்பம்மாள் அன்றே வெளியே. சொல்லாவிட்டால் பாப்பம்மாள் சரிவில். அவள் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு பாப்பம்மாளிடம் மட்டும் சொன்னாள்: "அக்கா, சரிவுல இறக்கறப்ப பாதி ரோல மட்டும் போட்டு ரெண்டு தடவையா இறக்குங்க."

"அவன் பாத்தா?"

"பாக்காதப்ப."

"அவன் எப்படி பாக்காம இருப்பான்?" பாப்பம்மாள் சிரித்தாள். "நீ பயப்படாத ஸயாமா. நாப்பது வருஷமா என்னெல்லாமோ இறக்கியிருக்கேன்."

அது நடந்தது மழை இல்லாத ஒரு முற்பகலில். லாரி பின்பக்கத்தைக் காட்டி நின்றுகொண்டிருந்தது. பாப்பம்மாள் வண்டியின் முன்னால் போய், முதுகை ரோல்களில் சாய்த்து, குதிகாலை ஊன்றி ஊன்றிச் சரிவில் இறங்க ஆரம்பித்தாள். அவளுக்கு மேலே, அதே மாதிரி தன் வண்டிக்கு முதுகு கொடுத்து ரேவதி. அவளுடைய வண்டியின் நான்கு சக்கரமும் சரிவுக்கு வந்துவிட்டிருந்தன.

பாதி வழியில் பாப்பம்மாளின் செருப்பு வழுக்கியது. சறுக்கி விழவில்லை. செருப்பு அவளோடு சேர்ந்து, தரையை உரசிக்கொண்டு, கீழ்நோக்கி நகர ஆரம்பித்தது. சின்னக் குழந்தை நடக்கும் வேகம்தான். இவ்வளவு மெதுவாக ஒன்று நடக்கும்போது, அதைத் தடுக்க நேரம் இருக்கிறது என்றுதான் எவருக்கும் தோன்றும்.

"ஒரு கை!" என்றாள் பாப்பம்மாள்.

வழக்கமான சத்தம் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

"ஒரு கை! ஒரு கைடி! ஜஸீலா!"

ஜஸீலா சமதரையில் இருந்தாள். வண்டியை விட்டுவிட்டு ஓடிவந்தாள், தூரம். நானும் மேசையை விட்டு எழுந்து ஓடினேன், எட்டவில்லை. ரேவதி மூன்று எட்டு தூரத்தில் இருந்தாள். அவள் நகரவில்லை. நகர்ந்திருந்தால் அவள் முதுகில் இருந்த நானூறு கிலோவும் பாப்பம்மாளின் மேல்தான் போயிருக்கும். ஐம்பத்தெட்டு கிலோ ரேவதியின் செருப்பு தரையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் கண் எதிரே அந்த வண்டி ஒவ்வொரு விநாடிக்கும் சிறிது சிறிதாக வேகம் கூடிக்கொண்டு போனது, அவள் சொல்லிக்கொடுத்தபடியே. "பக்கத்துல குதிங்கக்கா! விட்டுட்டுக் குதிங்க!" என்று அவள் கத்தினாள். வண்டியை விட்டால் அரைநாள் வெட்டு. பாப்பம்மாள் விடவில்லை.

லாரியின் இரும்பு விளிம்புக்கும் வண்டிக்கும் நடுவில் அவள் இடுப்பு அகப்பட்டது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சுரேந்திரன் மறுநாள் ரேவதியை அலுவலக அறைக்குக் கூப்பிட்டான். லேபிள் எண்களைக் கொடுக்க நானும் அங்கே நின்றேன். மேசையில் தேநீர் இருந்தது. சுவரில் வெள்ளைப் பலகை.

"தொழிலாளர் ஆபீஸ்லேர்ந்து ஆள் வருவாங்க ஸயாமா. அந்த வண்டி ஒரு ஆளால தாங்கக்கூடியதுதானான்னு கேப்பாங்க. ஒரு கணக்கு போட்டுக் குடுங்க. சரிவுக்கு."

ரேவதி பேனாவை எடுக்கவில்லை. "எந்த எடைக்கு?"

"நீங்க வாசிச்ச எடைக்கு. நாப்பத்தாறு."

"நாப்பத்தாறு இல்ல, கோ சுரேன். முப்பத்தொன்பது."

"தெரியும்." சுரேந்திரன் குவளையை அவள் பக்கம் நகர்த்தினான். "எனக்கும் கண்ணு இருக்கு. அன்னிக்கே முள்ளப் பாத்தேன்."

"தெரிஞ்சும் ஏன் எழுதினீங்க?"

"நீங்க ஆசப்பட்டீங்க. படிச்சவங்க சொல்றத மறுத்துப் பேச எனக்கு ஆநாடே." பர்மியர்கள் மனம் கூசுகிறது என்பதற்குச் சொல்லும் சொல். அவன் அதை நிஜமாகவே கூசுகிறவன் போலச் சொன்னான். "இப்ப பாருங்க. முப்பத்தொன்பதுன்னு போட்டா, வண்டி ஓடும். அப்ப, பொய் எடை சொல்லி வேலைல இருந்தவ அவ. கம்பெனிய ஏமாத்தினவளுக்கு ஒண்ணும் கிடைக்காது. பொய்யா வாசிச்சது யாருன்னு ஆபீஸ்ல கேப்பாங்க, உங்க முழுப் பேரும் பழைய வேலையும் எழுதிக்குவாங்க. நாப்பத்தாறுன்னு போட்டா, வண்டி நிக்கும். நிக்க வேண்டிய வண்டி நிக்கலன்னா, அவ கவனக்குறைவு. அப்பவும் அவளுக்கு ஒண்ணும் கிடைக்காது. உங்களுக்கு வேலை இருக்கும். அவளுக்கு ரெண்டும் ஒரே விடைதான். உங்களுக்குத்தான் வேற வேற."

ரேவதி வெகுநேரம் பலகையைப் பார்த்தாள். பிறகு எழுந்து எழுதினாள். சரிவில் வண்டியை இழுக்கும் விசை. சக்கரத்தின் உராய்வு, கழித்தல். செருப்பின் பிடி, நாற்பத்தாறு கிலோவுக்கு. ஒவ்வொரு அம்புக்குறியும் அதனதன் திசையில். கடைசி வரியில், முடுக்கம் பூஜ்யம், வண்டி நகராது என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். வகுப்பில் விடைக்கு அடியில் இரண்டு கோடு போடாதவர்களுக்கு அவள் மதிப்பெண் குறைப்பாளாம்.

ஓரத்தில் அவள் முப்பத்தொன்பதுக்கும் போட்டுப் பார்த்திருந்தாள். அதை மட்டும் உள்ளங்கையால் துடைத்தாள். வெளியே வந்தபோது என்னிடம், "நாலு நியூட்டன்தான் தம்பி குறைஞ்சுது" என்றாள். "ஒண்ணேகால் கிலோ கொய்யாப்பழம். மடில கட்டியிருந்தாப் போதும்போல."

பாப்பம்மாள் வீடு குடோனுக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில், மூங்கில் தட்டி அடைத்த ஒற்றை அறை. ஆஸ்பத்திரியில் வைத்திருக்க வழியில்லாமல் அழைத்துவந்துவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே கட்டு. வலது கால் வேறு யாருடையதோ போலத் திரும்பிக் கிடந்தது. மகள் கலா விசிறிக்கொண்டிருந்தாள். ரேவதி ஒரு டஜன் முட்டை வாங்கிக்கொண்டு போனாள். நான் கூடப் போயிருந்தேன்.

"வா ஸயாமா" என்றாள் பாப்பம்மாள். "உக்காரு. அந்தப் பாய நகத்திப் போடு கலா."

ரேவதி உட்கார்ந்தாள்.

"ஜஸீலா வந்தா" என்றாள் பாப்பம்மாள். "வண்டி நின்னுருக்கணும்னு நீ கணக்கு போட்டுக் குடுத்தியாமே."

"ஆமாக்கா."

"நாப்பத்தாறு கிலோ ஆளுன்னா நிக்குமா?"

"நிக்கும்."

பாப்பம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். "அப்ப என் மேலதான் தப்பு" என்றாள். "நீ எனக்காக அவ்வளவு தூரம் பொய் சொன்ன. அந்தப் பொய்ய என்னால காப்பாத்த முடியலயே. உன் பேரு கெட்டுதா?"

ரேவதி இல்லையென்று தலையாட்டினாள். அவள் வாய் ஒருமுறை திறந்தது. நான் காத்திருந்தேன். கலாவும் விசிறியை நிறுத்தியிருந்தாள். ரேவதி வாயை மூடிக்கொண்டாள்.

"ஒரு உதவி செய்வியா?" பாப்பம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "என் இடத்துல இன்னும் ஆள் போடலையாம். கோ சுரேன்கிட்ட சொல்லி இவள சேத்துவிடு. இவ அம்பத்திரண்டு கிலோ. மருந்துக் கடை மிஷின்ல ஏறிப் பாத்துட்டா. நீ ஒண்ணும் கூட்டிச் சொல்ல வேண்டியதில்ல, உள்ளத வாசிச்சாப் போதும்."

ரேவதி கலாவைப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள், பிறகு வாசலில் கழற்றிக் கிடந்த அவளுடைய செருப்பைப் பார்த்தாள். குதிகால் பக்கம் காகிதமாகத் தேய்ந்திருந்தது.

"செருப்ப மாத்தணும்" என்றாள். "அடில வரி போட்ட ரப்பர் செருப்பா வாங்கிப் போட்டுட்டு வரச் சொல்லுங்க. புதுசா."

"கேட்டுக்கடி" என்றாள் பாப்பம்மாள் மகளிடம். "ஸயாமா சொல்றாங்க."